அத்தியாயம் 7: காயம்பட்ட வீரரின் படுக்கையருகே

போர் மூண்ட பிறகு தொண்டூழியர்களைத் தேடிப் பயிற்றுவிக்க நேரம் கிடைக்காது. பினாங்கு இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட ஊர். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 11-ஆம் தேதியே ஜார்ஜ் டவுன்மீது குண்டுகள் விழுந்தன. வந்தவை பிரிட்டிஷ் விமானங்கள் என்று நினைத்துத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் அங்கேயே விழுந்தார்கள். அதே நாள்களில் வடக்கே ஜித்ராவில் 11-ஆவது இந்திய டிவிஷன் தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. சில நாள்களுக்குள் ஐரோப்பியர்கள் இரவோடு இரவாகத் தீவைவிட்டு வெளியேறினார்கள். ஜப்பானியப் படை 19-ஆம் தேதி நகருக்குள் நுழையும்வரை ஊரைத் தாங்கிப் பிடித்தவர்கள் உள்ளூர்வாசிகள். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளேட்டின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து பல இனத்தாரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்தார். அவசரத்தில் கூடிய குழு அது. அமைதிக் காலத்திலேயே கூடியிருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாம்.

இந்த அத்தியாயம் அதே ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைச் சுற்றி வாழ்பவர்களுக்கும் அங்கே வந்து தொழுபவர்களுக்கும் எழுதப்பட்டது. போரிலோ எல்லைக்கு அப்பால் அமைதிப் பணியிலோ காயம்பட்டு மருத்துவமனையில் தேறிவரும் வீரர்களுக்குப் பக்கத்துணையாக இருப்பது எப்படி என்பதே இதன் பொருள். மருத்துவம் நம் வேலையில்லை. மருத்துவருக்கும் தாதியருக்கும் கை எட்டாத இடங்களில்தான் நமக்கு வேலை.

முதல் விதி: கேட்டுச் செய்யுங்கள்

வார்டில் கிடக்கும் வீரருக்கு எதுவுமே தன் விருப்பப்படி நடப்பதில்லை. எழுவதும் புரள்வதும் மருத்துவர் சொன்னபடி. சாப்பாடு தாதி தரும் நேரத்தில். எந்தப் படுக்கை, எப்போது இடமாற்றம் என்பதெல்லாம் படை அலுவலகம் எழுதியபடி. அந்த அறைக்குள் வருகிறவர்களில் அவர் துணிந்து ‘வேண்டாம், போங்க’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் தொண்டூழியர். அந்த உரிமையை அவரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் நாம் கொண்டுபோகும் பெரிய பொருள். பழக்கூடையும் பூங்கொத்தும் அதற்குப் பிறகு. ஆகவே உட்காருவதற்கு முன் கேளுங்கள், போர்வையைத் தொடுவதற்கு முன் கேளுங்கள், ஜன்னலைத் திறப்பதற்கு முன் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

முன்பு செய்தவர்களிடம் கற்பவை

இந்த வேலை நமக்குப் புதிதன்று. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போவர் போர் வந்தபோது நாட்டாலில் காந்தியடிகள் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தார்கள். சுமார் 300 பேர் சுயமாக வாழ்ந்தவர்கள்; மற்றவர்கள் கரும்புத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்கள். தமிழர் பலர் அதில் இருந்தனர். காயம்பட்டவர்களைத் தூக்குக்கட்டிலில் சுமந்து ஒரே நாளில் 20, 25 மைல்கூட நடந்திருக்கிறார்கள். போவதற்கு முன் டாக்டர் பூத் என்ற மிஷன் மருத்துவரிடம் அவர்களின் முன்னணித் தொண்டர்கள் முதலுதவி கற்றார்கள். தோள் வலுவும் மனமும் இருந்தவர்களுக்கே முதலில் பாடம் தேவைப்பட்டது.

1914-இல் காந்தியடிகள் லண்டனில் மறுபடியும் ஒரு தொண்டர் குழுவைக் கூட்டினார். சுமார் 80 பேர். ஆறு வாரம் முதலுதவி கற்பித்தவர் டாக்டர் ஜேம்ஸ் கான்ட்லி. 1896-இல் லண்டன் சீனத் தூதரகத்தில் அடைத்து வைக்கப்பட்ட தம் பழைய மாணவரும் சீனப் புரட்சித் தலைவருமான சுன் யாட் சென்னை மீட்கப் போராடியவரும் இவரே. அந்த சுன் யாட் சென் 1910-இல் தம் இயக்கத்தை நடத்திய வீடு நம் சாலையின் தென்முனைக்கு அருகே, ஆர்மீனியன் தெரு 120-ஆம் எண்ணில் இருக்கிறது. கான்ட்லியிடம் பயின்ற தொண்டர்களுக்குள் விரைவிலேயே ஒரு பூசல் எழுந்தது. குழுத் தலைவர்களைப் படை அதிகாரி தாமே நியமித்தார். தங்களைக் கேட்காமல் நியமித்தது முறையன்று என்று தொண்டர்கள் மறுத்தனர். நெட்லி மருத்துவமனையில் இந்தியக் காயக்காரர்கள் வந்து குவிந்தபோதுதான் சமாதானம் ஏற்பட்டு அவர்கள் பணிக்குப் போனார்கள். யார் யாருக்குப் பதில் சொல்வது என்பதை முதல் நாளே எழுதி முடித்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டனில் இருந்த பழைய அரச மாளிகை இந்திய வீரர்களுக்கு மருத்துவமனையாக மாறியது. சமயத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கூடங்கள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள், சீக்கியர் வழிபடத் தோட்டத்தில் ஒரு கூடாரம் என்று ஏற்பாடுகள் நடந்தன. சாப்பாட்டிலும் வழிபாட்டிலும் அவ்வளவு கவனம் இருந்தது. ஆனால் வெளியே போய்வர அந்த வீரர்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அவர்கள் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். வசதி செய்து கொடுப்பது ஒன்று, ஆளுக்கு மதிப்புக் கொடுப்பது இன்னொன்று. இரண்டும் சேர வேண்டும்.

நமக்கு மிக நெருக்கமானவர்கள் இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையினர். 1943 அக்டோபர் 22-இல் சிங்கப்பூரில் அவர்களின் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைமை ஏற்ற டாக்டர் லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் ஏராளம். 1944-இல் இம்பால் போர்முனையிலிருந்து இந்திய தேசிய ராணுவம் பின்வாங்கியபோது பர்மாவின் மேமியோவிலிருந்த மருத்துவமனையில் இவர்களில் பலர் தாதியராக நின்றார்கள். அங்கே வந்தவர்களைத் தோட்டாக் காயத்தைவிட மலேரியாவும் சீதபேதியும் பட்டினியுமே அதிகம் வாட்டின. அப்படிப்பட்ட வார்டில் கொதித்தாறிய நீரும் கழுவிய கையும் நேரத்துக்குக் கிடைக்கும் கஞ்சியுமே உயிர் காப்பவை. பெரிய வேலைக்குக் காத்திருக்காமல் சின்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிறவரே வார்டுக்கு வேண்டியவர்.

சாலையில் குழு அமைத்தல்

ஒரு வார்டில் என்னென்ன சமயத்தார் படுத்திருப்பார்களோ அவர்களில் பெரும்பாலோருக்கு உரிய வழிபாட்டிடம் இந்த ஒரே சாலையிலும் அதை ஒட்டியும் இருக்கிறது. காதர் முகைதீன் 1801-இல் தொடங்கிய பள்ளிவாசல், 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், அடுத்த தெருவான குயின் ஸ்திரீட்டில் 1833-ஆம் ஆண்டு ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். நான்கையும் கால்மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். எனவே தனித்தனிக் குழு வேண்டாம். சாலைக்கு ஒரே குழு போதும்.

குழுவில் கீழ்க்கண்டவற்றைப் போர் வராத காலத்திலேயே முடித்து வையுங்கள்:

- தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் ஆகிய நான்கிலும் பேசக்கூடியவர்கள் ஒவ்வொரு முறைப்பணியிலும் இருக்கும்படி பட்டியல். பஞ்சாபியோ நேப்பாளியோ தெரிந்தவர் அக்கம்பக்கத்தில் இருந்தால் அவர் பெயரும்.
- இமாம், குருக்கள், பாதிரியார், பிக்கு, சீக்கியர்களின் கியானி ஆகியோரின் தொலைபேசி எண்கள். நள்ளிரவில் அழைத்தால் எடுப்பவர்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.
- எல்லோருக்கும் முதலுதவிச் சான்றிதழ். மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் வகுப்பு நடத்துகின்றன.
- மருத்துவமனையோடு எழுத்து உடன்பாடு. எந்த வார்டு, எந்த நேரம், யாரிடம் பதிவு செய்வது, தொண்டூழியர் மீது புகார் வந்தால் யார் விசாரிப்பது என்பவை அதில் இருக்கட்டும்.
- ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர். இருவரையும் குழு தேர்ந்தெடுத்து, மருத்துவமனையின் ஒப்புதலும் பெற வேண்டும்.

சட்டைக்கு ஓர் அடையாளம் தேவைதான். ஆனால் செஞ்சிலுவையையோ செம்பிறையையோ நாமாக வரைந்து ஒட்டக் கூடாது. ஜெனிவா ஒப்பந்தங்களின்படி அவை பாதுகாப்புச் சின்னங்கள்; மலேசியாவில் 1962-ஆம் ஆண்டின் ஜெனிவா ஒப்பந்தச் சட்டம் அவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆளாளுக்கு அணிந்தால் போர்க்களத்தில் அந்தச் சின்னத்தின் மீதுள்ள நம்பிக்கை போய்விடும். அப்போது சாகிறவர் உண்மையான மருத்துவ ஊழியராக இருப்பார்.

வார்டுக்குள் முதல் பத்து நிமிடம்

நுழைந்ததும் தாதியிடம் போங்கள். ‘இன்னிக்கு யாரைப் பார்க்கலாம், யாரைத் தொந்தரவு செய்யக் கூடாது?’ என்று கேளுங்கள். கையைச் சோப்பால் கழுவுங்கள். ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குப் போகும்போது மறுபடியும் கழுவுங்கள். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு இருக்கிற நாளில் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். அத்தரும் வாசனைத் தைலமும் வேண்டாம். மயக்க மருந்தின் குமட்டலில் இருப்பவருக்கு அது வேதனை.

படுக்கையின் கால்மாட்டுப் பக்கம், அவர் பார்வை படும் இடத்தில் நின்று பேசுங்கள். ‘வணக்கம் தம்பி. என் பேரு மீனா. தொண்டூழியரா வந்திருக்கேன். கொஞ்ச நேரம் உட்காரலாமா?’ வயதில் மூத்தவரென்றால் ‘அண்ணே’ அல்லது ‘ஐயா’. பதில் வரும்வரை நில்லுங்கள். கட்டிலின் ஓரத்தில் உட்காராதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்மட்டத்துக்கு வாருங்கள். கிளம்பும்போது அடுத்து எப்போது வருவீர்கள் என்று சொல்லுங்கள். வர முடியாதென்றால் ‘வருவேன்’ என்று சொல்லவே கூடாது. செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை. படுத்திருப்பவருக்கு அந்த ஒரு நாள் வாரம் முழுவதற்கும் பிடிப்பு.

தூங்குகிறவரைத் தொட்டு எழுப்ப வேண்டாம். கனவில் போர்க்களத்தில் இருப்பவர் கண்விழிக்கும் முன்பே கையை ஓங்கிவிடலாம். சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். எழவில்லையென்றால் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போங்கள். தட்டு விழும் சத்தமும் கதவை அறைந்து சாத்தும் சத்தமும் அவர்களை நடுங்க வைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

நம் ஊரில் அன்பு சாப்பாட்டுப் பொட்டலமாகவே போகும். வார்டில் இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வயிற்றில் காயம்பட்டவருக்கும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கும் ஒரு வாய் தண்ணீர்கூட ஆபத்தாகலாம். ‘தாகமா இருக்குக்கா’ என்று அவர் கெஞ்சினாலும் தாதியைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அனுமதி கிடைத்தால் தலைமாட்டை உயர்த்தி, சின்னச் சின்ன மடக்காகக் கொடுங்கள். விழுங்கிவிட்டாரா என்று பார்த்த பிறகே அடுத்த மடக்கு. இருமினால் நிறுத்திவிட்டுத் தாதியை அழையுங்கள்.

நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி வார்டுக்கும் போகலாம். ஆனால் அதில் இறைச்சி இருக்கிறதா என்பதைப் பாத்திரத்தின் மேலேயே எழுதுங்கள். கோயிலில் சமைத்ததைச் சிலர் வழிபாட்டு நம்பிக்கையால் தவிர்ப்பார்கள்; பௌத்தரில் சிலர் பூண்டும் வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள்; முஸ்லிம் வீரர் ஹலால் பார்ப்பார். ‘இவர் இந்தச் சமயம், ஆகவே இது சாப்பிடுவார்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கேட்டு எழுதிய ஒரு பட்டியல் குழுவிடம் இருக்கட்டும். அதை வாரந்தோறும் திருத்துங்கள்.

வழிபாட்டிலும் இதே முறைதான். முஸ்லிம்கள் தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்பதை வார்டில் ஒரு முறை கண்டுபிடித்து வைத்தால் எல்லோருக்கும் பயன்படும். காயத்தில் தண்ணீர் படக் கூடாதவர் தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் தூய்மை செய்யும் தயம்மும் செய்து படுத்தபடியே தொழலாம் என்பது தெரிந்தவர் குழுவில் இருந்தால் ஒரு வீரரின் பெரிய மனவருத்தம் தீரும். சீக்கியரின் முடியை மழிக்க வேண்டிய நிலை வந்தால் அவரோடும் மருத்துவரோடும் பேசக் கியானியை அழைத்து வாருங்கள். யாரையும் உங்கள் சமயத்துக்கு இழுக்க முயல்வது இந்தத் தொண்டுக்குத் துரோகம். அப்படிச் செய்பவரைக் குழுவிலிருந்து விலக்குங்கள்.

கடிதம் எழுதிக் கொடுத்தல்

கைத்தொலைபேசி வந்த பிறகும் கடிதத்தின் தேவை குறையவில்லை. விரல் இழந்தவரும் கண்கட்டு அவிழாதவரும் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை யாரோ ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

எழுதும் முறை இது. நாற்காலியை அவர் காதுக்கு நெருக்கமாகப் போடுங்கள். வெடிச்சத்தத்தில் ஒரு காது மந்தமாகியிருக்கலாம், எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும் என்று கேளுங்கள். அவர் பேச்சுமொழியில் சொன்னால் அப்படியே எழுதுங்கள். ‘அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், நீ அழாத’ என்பதை ‘அன்புள்ள தாயாருக்கு, யான் நலம்’ என்று மாற்றினால் அது அவர் கடிதமாக இருக்காது. அந்தத் தாய் எழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடுவாள். அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் பேனாவை நிறுத்துங்கள். ‘அப்புறம்?’ என்று அவசரப்படுத்தாதீர்கள். காலை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியை எழுதுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு, ஆலோசனை சொல்லாதீர்கள். முடிந்ததும் முழுவதையும் மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். அடித்துத் திருத்தச் சொன்னால் புதுத் தாளில் எழுதுங்கள். கடைசியில் அவர் கைரேகையோ ஒரு கோடோ வைக்க முடியுமென்றால் வைக்கச் சொல்லுங்கள். உறையை அவர் முன்னிலையிலேயே ஒட்டுங்கள். படைப்பிரிவின் பெயர், இருக்கும் இடம், சக வீரரின் பெயர் ஆகியவை கடிதத்தில் வரலாமா என்பதை முன்பே அதிகாரியிடம் கேட்டு வையுங்கள்; வீரரிடம் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கடிதத்தில் கேட்டதை வெளியே எவரிடமும் பேசக் கூடாது, உங்கள் வீட்டாரிடமும்தான்.

படம் எடுப்பதும் அப்படியே. காயம்பட்டவரோடு நின்று எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதைக் குழு அறவே தடை செய்ய வேண்டும்.

பேச்சும் மௌனமும்

‘எப்படி அடிபட்டது?’, ‘எத்தனை பேரைச் சுட்டீங்க?’ என்ற கேள்விகளைக் கேட்கவே கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்; மேலும் தோண்டாதீர்கள். ‘உங்க நிலைமை எனக்குப் புரியுது’ என்பதைவிட ‘சொல்லுங்க, கேட்கிறேன்’ என்பது உண்மையான சொல். ‘உயிர் பிழைச்சீங்களே, அதுவே பெரிசு’ என்று ஆறுதல் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்த நண்பன் பிழைக்காமல் போயிருக்கலாம்.

இல்லாத காலில் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது கற்பனையன்று. உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி வலிக்கும். நம்பிக் கேட்டுத் தாதியிடம் சொல்லுங்கள். பார்வை இழந்தவரிடம் வரும்போதும் போகும்போதும் பெயர் சொல்லுங்கள். சொல்லாமல் எழுந்து போனால் அவர் வெறும் நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளக் கூடாது. அது இப்போது அவர் உடம்பின் ஒரு பகுதி. ‘சாகணும்போல இருக்கு’ என்று ஒருவர் சொன்னால் அதை இரகசியமாக வைக்க முடியாது என்று அவரிடமே சொல்லிவிட்டு, அவரைத் தனியே விடாமல் தாதியை அழையுங்கள்.

எதிர்த்தரப்பு வீரர்

பக்கத்துப் படுக்கையில் காவலோடு எதிரிப்படை வீரர் இருக்கலாம். 1859-இல் சோல்ஃபெரினோ போருக்குப் பிறகு காஸ்டிகிலியோனே ஊர்ப் பெண்கள் எந்தப் படையென்று பாராமல் காயக்காரர்களைப் பேணினார்கள். அதைப் பார்த்த ஹென்றி துய்னான் எழுதிய நூலிலிருந்துதான் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1949-ஆம் ஆண்டின் முதல் ஜெனிவா ஒப்பந்தம் காயம்பட்டவரிடம் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. காயக்காரரைப் பேணியதற்காக எவரையும் துன்புறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. காவலரிடம் அனுமதி பெற்று, மற்றவருக்குக் கொடுக்கும் அதே தண்ணீரை அதே முகத்தோடு கொடுங்கள். இதற்கு மனம் ஒப்பாதவர் வேறு வேலை கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை.

குடும்பத்தார், பிறகு நீங்கள்

தொலைவிலிருந்து வரும் தாயும் மனைவியும் தங்க இடமின்றி மருத்துவமனை நாற்காலியிலேயே இரவைக் கழிப்பார்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலய மண்டபங்களில் குளிக்கவும் படுக்கவும் இடம், பேருந்துக் கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்ற மூன்றையும் ஏற்பாடு செய்யுங்கள். பணம் கொடுப்பதென்றால் குழுவின் பெயரில், கணக்கு எழுதிக் கொடுங்கள். தனியாள் கடன் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது.

ஒரு முறைப்பணி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் வீட்டுக்கு ஓடாமல் குழுவினர் ஒன்றாக அமர்ந்து தேநீர் குடித்து, பார்த்ததில் மனத்தை அழுத்துவது எதுவோ அதை மட்டும் பேசிக் கலையுங்கள். தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்கவில்லையென்றால் சில வாரம் ஒதுங்கி இருங்கள். திரும்பி வர முடியவில்லையென்றாலும் சமையற்கட்டில், கணக்கில், வண்டி ஓட்டுவதில் உங்களுக்கு வேலை இருக்கிறது.

வார்டை விட்டுப் போன பிறகு

வீரர் வீடு திரும்பும் நாளில் மாலையோடு வரவேற்க நூறு பேர் வருவார்கள். ஆறு மாதம் கழித்து யாரும் வர மாட்டார்கள். செயற்கைக் கால் உறுத்தும், வேலை கிடைக்காது, இரவில் அலறி எழுவார். நம் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டிய காலம் அதுதான். படை முன்னாள் வீரர்கள் விவகாரத் துறைக்கு விண்ணப்பம் நிரப்ப, சிகிச்சைக்குத் திரும்பப் போக, ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கோ ஆடி வெள்ளிக்கோ கூடவே நடந்து வர ஓர் ஆள் வேண்டும். ஓராண்டுக்கு மாதம் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். அதற்கும் அவரைக் கேட்டே நாள் குறியுங்கள்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தவர்கள் இந்த மாதத்துக்குள் மூன்று வேலை செய்யுங்கள். முதலுதவி வகுப்பில் பெயர் கொடுங்கள். சாலையில் உங்கள் சமயமல்லாத ஒரு வழிபாட்டிடத்துக்குப் போய் அங்கே பொறுப்பில் உள்ளவரைச் சந்தித்து எண் வாங்கி வையுங்கள். யாரேனும் ஒரு முதியவருக்கு, அவர் சொல்லச் சொல்ல, ஒரு கடிதம் எழுதிப் படித்துக் காட்டுங்கள். எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.